கிரீட் தீவில் ஆலிவ்... பாரூர் பக்கம் ராகி! தட்டில் நாம் தொலைத்தது எது?

ஓசூரில் எந்தப் பெரிய மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் ஆலிவ் எண்ணெய் பாட்டில் கண்ணில் படும். நல்ல ரகம் என்றால் லிட்டர் விலை 1,000 ரூபாயைத் தாண்டும். ‘இதயத்துக்கு நல்லதாம், கிரீஸ் தீவுக்காரர்கள் இதைச் சாப்பிட்டுத்தான் நீண்ட நாள் வாழ்கிறார்களாம்’ என்று யாரோ சொல்ல, ஒரு பாட்டில் வாங்கிவந்து, அதில் அப்பளம் பொரித்தவர்களும் உண்டு.

அதே கடையில் கீழ்த்தட்டில் ராகி மாவு பாக்கெட் இருக்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அதுவும் கூடையில் ஏறும். ஆலிவ் எண்ணெயும் ராகி மாவும் இன்று நமக்கு ஏறக்குறைய மருந்துபோல ஆகிவிட்டன. சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் சேர்த்தால் உடம்பு சரியாகிவிடும் என்ற நம்பிக்கை.

ஆனால், கிரீஸ் தீவுகளில் அந்தக் காலத்து மக்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று உற்றுப் பார்த்தால், ஒரு விஷயம் புரியும். அவர்களைக் காப்பாற்றியது எண்ணெய் மட்டும் அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் பக்கம் நம் பாட்டிமார் பரிமாறிய தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தட்டு!

கிரீட் தீவில் என்ன கண்டார்கள்?

கிரீஸ் நாட்டின் மிகப் பெரிய தீவு கிரீட். மலையும் பாறையுமான பூமி. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தீவு நொறுங்கிப் போயிருந்தது. போர் முடிந்ததும், 1948-ல், அங்குள்ள மக்களின் வாழ்க்கை நிலையைக் கண்டறிய அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. லேலண்ட் ஆல்பாக் என்பவர் தலைமையிலான அந்த ஆய்வின் அறிக்கை 1953-ல் புத்தகமாக வந்தது.

ஏழைத் தீவு, சத்துக்குறைவு தலைவிரித்தாடும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். கண்டது வேறு. தானியம், பயறு வகைகள், கீரை, காய், பழம், ஆலிவ் எண்ணெய் என்று அவர்கள் சாப்பாடு அவர்களுடைய மண்ணுக்கு ஏற்றபடி நன்றாகவே அமைந்திருந்தது. இறைச்சி எப்போதாவதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், தீவு மக்களுக்கு அந்தச் சாப்பாட்டின் மேல் அவ்வளவு திருப்தி இல்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் இறைச்சி வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை.

அடுத்து வந்தவர் அமெரிக்க உடலியல் விஞ்ஞானி ஆன்செல் கீஸ். 1958-ல் அவர் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வு’ மருத்துவ உலகில் புகழ்பெற்றது. அமெரிக்கா, ஃபின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் 40 முதல் 59 வயது வரையிலான 12,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்பால் இறந்தவர்கள் கிழக்கு ஃபின்லாந்தில் மிக அதிகம். கிரீட் தீவில் மிகக் குறைவு.

இத்தனைக்கும் கிரீட்காரர்கள் எண்ணெயைக் குறைத்துச் சாப்பிடுபவர்கள் அல்லர். அவர்கள் உணவின் கலோரியில் ஏறத்தாழ 40 சதவிகிதம் கொழுப்பிலிருந்துதான் வந்தது. அதில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய். இந்த ஒரு வரியைத்தான் பிற்பாடு விளம்பரக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தீவுக்காரர் தட்டில் இருந்தவை

அந்த எண்ணெய் எதன்மேல் ஊற்றப்பட்டது? அதைத்தான் நாம் கேட்கத் தவறிவிட்டோம்.

முதலில், வாற்கோதுமையில் செய்த கெட்டியான காய்ந்த ரொட்டி. ‘பாக்சிமாதி’ என்பார்கள். கல்லுபோல இருக்கும். தண்ணீரில் நனைத்து, மேலே தக்காளியை நசுக்கிப் போட்டு, எண்ணெய் விட்டுச் சாப்பிடுவார்கள். பல வாரங்கள் கெடாது.

அடுத்து, ‘ஹோர்ட்டா’. அதாவது காட்டிலும் மேட்டிலும் தானாக முளைக்கும் கீரைகள். மழைக்குப் பிறகு பெண்கள் கத்தியும் பையுமாகப் போய்ப் பறித்து வருவார்கள். வேகவைத்து, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் சேர்த்தால் சாப்பாடு தயார்.

மூன்றாவது, பயறு. சான்டோரினி தீவில் பருப்பை மசித்துச் செய்யும் ‘ஃபாவா’ பெயர்பெற்றது. நம் பருப்புக் கடைசலின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். சிஃப்னோஸ் தீவில் சனிக்கிழமை இரவு மண்சட்டியில் கொண்டைக்கடலையைப் போட்டு விறகு அடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். விடிய விடிய வெந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்ததும் அதுதான் மதிய உணவு.

நான்காவது, விரதம். கிரேக்கத் திருச்சபையின் முறைப்படி ஆண்டில் சரிபாதி நாட்கள், ஏறத்தாழ 180 நாட்கள், இறைச்சி, பால், முட்டை கூடாது. நம் ஊரில் புரட்டாசி பிறந்தால் கறிக்கடைகள் காற்றாடுவதுபோல, அங்கே அது வருடம் முழுக்க விட்டுவிட்டு நடந்தது.

இதோடு மலையில் ஏறி இறங்கும் உழைப்பு, ஆட்டுப்பால், கொஞ்சம் மீன், எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம். இவை எல்லாம் சேர்ந்த வாழ்க்கையைத்தான் 2010-ல் யுனெஸ்கோ ‘மத்தியத்தரைக் கடல் உணவு முறை’ என்ற பெயரில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறியது எண்ணெய் பாட்டில் அல்ல. பயிர் வைப்பது முதல் பந்தி வரையிலான ஒரு வாழ்க்கை முறை.

பாரூர் பக்கத்துத் தட்டு

இப்போது நம் ஊருக்கு வருவோம். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி அணை என்று இறங்கிவரும் தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீர், நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகப் பாரூர் பெரிய ஏரிக்கு வந்து சேர்கிறது. ஏரிப் பாசனம் எட்டும் இடத்தில் நெல். பக்கத்தில் அரசம்பட்டி தென்னை. தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்தில் வானம் பார்த்த ராகி, அவரை, கொள்ளு, நிலக்கடலை.

ராகி ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலங்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்த தானியம். இன்று தமிழ்நாட்டில் அதிகம் விளைவது கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில்தான். மழை கொஞ்சம் பொய்த்தாலும் தாங்கும். அறுத்து வைத்தால் வருடக்கணக்கில் பூச்சி பிடிக்காது. தீவுக்காரர்களுக்குக் காய்ந்த ரொட்டி எப்படியோ, இந்த ஊர்க்காரர்களுக்கு ராகி அப்படி.

எல்லை மாவட்டம் என்பதால் களிக்கு இங்கே மூன்று பெயர். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி. பெயர் எதுவானாலும் தொட்டுக்கொள்ள ஒன்று கட்டாயம் உண்டு. அதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தக் காலத்தில் ராகிக் கொல்லையில் ராகி மட்டும் விதைக்க மாட்டார்கள். நடுநடுவே சால் விட்டு அவரை, துவரை, ஓரத்தில் கடுகு, சோளம் என்று கலந்து போடுவார்கள். கன்னடத்தில் இதை ‘அக்கடி சாலு’ என்பார்கள். ராகி அறுவடை முடிந்த பிறகும் அவரைக் கொடி பூத்துக் காய்த்துக்கொண்டே இருக்கும். மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பின் வாசனை, ஓசூர் முதல் போச்சம்பள்ளி வரை தெருவுக்குத் தெரு வரும்.

களை எடுக்கப் போகும் பெண்கள் மடி நிறையக் கீரையோடு திரும்புவார்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை. விதைத்தது இல்லை, தானாக முளைத்தது. கிரேக்கப் பெண்கள் மேட்டில் பறித்த ஹோர்ட்டா இதுதான், பெயர்தான் வேறு.

மழையில்லாத நாட்களில் கொள்ளுக் கடைசல். ஏரியில் தண்ணீர் இறங்கும்போது கெண்டைமீன் குழம்பு. நிலக்கடலை வறுத்தோ அவித்தோ கைநிறைய. மாம்பழக் காலத்தில் மாம்பழம், மற்ற நாட்களில் கொய்யா, சீத்தா. கோழிக்கறி விருந்தாளி வந்தால். ஆட்டுக்கறி பண்டிகை வந்தால்.

களி ஒன்று, அதன்மேல் பயறு ஒன்று, கீரை ஒன்று, கொஞ்சம் கடலை. காலையில் முந்தின நாள் காய்ச்சிப் புளிக்கவைத்த கூழ், மோர், சின்ன வெங்காயம். இதுதான் இந்த ஊர்த் தட்டு.

அறிவியல் பார்வையில் பார்த்தாலும் இது பொருத்தமான கூட்டணி. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம்கூட வராது. ஆனால், ராகியில் புரதம் 7 சதவிகிதம்தான். அந்தக் குறையைக் கொள்ளும் அவரையும் நிரப்பிவிடும். கொள்ளில் 22 சதவிகிதம் புரதம். தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் ராகியில் உண்டு. ராகியில் உள்ள சில பொருட்கள் இரும்புச்சத்தும் கால்சியமும் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். புளிக்கவைத்தாலும் முளைகட்டினாலும் அந்தத் தடை குறையும். நம் பாட்டிக்கு லைசின் தெரியாது. ஆனால் கூழைப் புளிக்கவைக்கத் தெரியும்.

ராகி மட்டும் போதுமா?

இங்கேதான் இன்றைய குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதன் முடிவு 2023-ல் வந்தபோது, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அந்த நோயின் வாசலில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், 13 கோடிக்கு மேல்.

அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. இந்தியர்களின் கலோரியில் ஏறத்தாழ 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அது. தெற்கே வெள்ளை அரிசி, வடக்கே கோதுமை, எல்லா ஊரிலும் சர்க்கரை.

‘சரி, அரிசியை விட்டு ராகிக்கு மாறிவிட்டால் போதுமே’ என்று தோன்றும். அந்த ஆய்வு அதற்கும் பதில் சொல்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. தானியத்தின் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் பயறு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைவாக இருந்தது.

சிம்பிளாகச் சொன்னால், மூன்று கரண்டி சோற்றுக்குப் பதில் மூன்று உருண்டை களி என்பது தீர்வு அல்ல. ஒரு உருண்டை களியும், அதன் அளவுக்குச் சமமாகக் கீரையும், ஒரு கிண்ணம் பயறும் என்பதே தீர்வு. மைபோல அரைத்த மாவில் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய ராகிக் கஞ்சி சீக்கிரம் செரித்து, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். ராகி பிஸ்கெட், ராகி சேமியா என்று பாக்கெட்டில் ராகி படம் போட்டு விற்பதையும் திருப்பிப் பார்த்து, மைதாவும் சர்க்கரையும் எவ்வளவு என்று படித்த பிறகே வாங்க வேண்டும்.

கிரீட் தீவில் எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்து பாட்டிலில் அடைத்ததைப்போல, நாம் ராகியை மட்டும் பிரித்தெடுத்து பாக்கெட்டில் அடைத்துவிட்டோம். அவரையும் கீரையும் கொள்ளும் கொல்லையிலேயே நின்றுவிட்டன.

களி ஏன் வீட்டைவிட்டுப் போனது?

இதற்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. நெல்லுச்சோறு என்பது ஒரு காலத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். களி தின்றவர்கள் ஏழைகள் என்ற பெயர் இருந்தது. கிரீட் மக்கள் இறைச்சிக்கு ஏங்கியதுபோல, இங்கே மக்கள் வெள்ளைச் சோற்றுக்கு ஏங்கினார்கள். அணை வந்தது, கிணற்றுக்கு மோட்டார் வந்தது, நெல் பெருகியது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமலே கிடைத்தது. பசி போனது. அது சாதாரண விஷயமல்ல. 1950 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் 40 வயதைக்கூடத் தொடவில்லை என்பதை மறந்துவிட்டு, ‘அந்தக் காலம்தான் பொற்காலம்’ என்று சொல்லக் கூடாது.

இன்னொரு காரணம், களி கிண்டுவது எளிதல்ல. கொதிக்கும் பானையை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டுத் திருப்ப வேண்டும். தோளும் மணிக்கட்டும் விட்டுப்போகும். அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கவேண்டும். கீரையை ஆய வேண்டும். இத்தனையும் பெண்கள் தலையில்தான் இருந்தது.

இன்று ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் இருட்டு விலகும் முன்பே ஊருக்குள் வந்து நிற்கின்றன. அதில் ஏறுபவர்களில் ஏராளமானோர் இளம்பெண்கள். வீட்டுக்கு முதல் மாதச் சம்பளம் கொண்டுவந்த தலைமுறை. காலை ஷிஃப்ட்டுக்கு விடியற்காலையில் கிளம்பும் பெண், களி கிண்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பழைய சாப்பாடு திரும்ப வேண்டும் என்றால், பழைய வேலைப் பங்கீடு திரும்பக் கூடாது. துடுப்பை ஆண்களும் பிடிக்கலாம். கையில் இன்னும் பலம் அதிகம்தானே!

நேரம் தவறிய சாப்பாடும் ஒரு சிக்கல். இரவு ஷிஃப்ட்டில் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்குச் சர்க்கரை நோய் அபாயம் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடு இரவில் உடம்பு ஓய்வுக்குத் தயாராகும் நேரத்தில் பரோட்டாவும், பப்ஸும், சர்க்கரை போட்ட டீயும் இரண்டு மூன்று தடவை உள்ளே போனால் கேட்க வேண்டியதில்லை. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நடு இரவில் அவித்த கடலை, சுண்டல், மோர் என்று லேசாக முடித்துக்கொள்வது நல்லது.

கிரீட்டும் மாறிவிட்டது

ஒரு பாதுகாப்பு வளையம் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கிரீஸ் உதாரணம். சுற்றுலாவும் வருமானமும் பெருகின. மலைப்பாதையில் கழுதைக்குப் பதில் கார் வந்தது. தட்டில் இறைச்சியும் சீஸும் ஏறின. எண்ணெய் அப்படியே இருந்தது. கீரையும் பயறும் நடையும் குறைந்தன. இன்று ஐரோப்பாவில் உடல் பருமனான குழந்தைகள் அதிகம் உள்ள நாடுகளில் கிரீஸும் ஒன்று. ஆலிவ் எண்ணெயால் மட்டும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இகாரியா என்ற கிரேக்கத் தீவில் நூறு வயதைத் தொடுபவர்கள் அதிகம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். இதுபோன்ற ‘நூறு வயது’ ஊர்களின் வயதுப் பதிவேடுகளை ஆராய்ந்த சால் நியூமன் என்ற ஆய்வாளர், அவற்றில் தவறுகள் நிறைய இருப்பதாகச் சொல்கிறார். அந்தக் கணக்கைச் சிலர் மறுக்கவும் செய்கிறார்கள். அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும் நமக்குக் கவலை இல்லை. நூறு வயதுக் கதையை நம்பித்தான் கீரையும் பயறும் சாப்பிட வேண்டும் என்பதில்லை.

காரணம், ஸ்பெயினில் மாரடைப்பு அபாயம் உள்ள 7,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், மத்தியத்தரைக் கடல் உணவோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைப்பருப்புகளோ சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்தன. 2013-ல் வந்த அந்த அறிக்கையில் ஆட்களைப் பிரித்த முறையில் கோளாறு இருந்தது தெரிந்து, திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். அப்போதும் பலன் கிட்டத்தட்ட அதேதான். இதில் கவனிக்க வேண்டியது, கொட்டைப்பருப்பு சாப்பிட்ட குழுவுக்கும் பலன் கிடைத்தது. நமக்கு நிலக்கடலை இருக்கிறது!

உங்கள் வீட்டுத் தட்டை எப்படி மாற்றலாம்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது. தானியம் 250 கிராம், பயறு வகை 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டைப்பருப்பும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். நம் வீடுகளில் தானியம் இதைத் தாண்டி ஓடும். கீரையும் காயும் பாதிகூட வராது. அதைச் சரிசெய்ய ஆலிவ் எண்ணெய் தேவையில்லை.

* வாரத்தில் மூன்று நாள் களியில் தொடங்குங்கள். ஒரு பிடி அரிசி நொய்யை இரண்டரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, ஒரு டம்ளர் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கரண்டிக் காம்பால் குழி செய்து, மூடி போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கட்டி இல்லாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டுங்கள். அகலமான குக்கரில் செய்தால் கைவலி குறையும்.

* உருண்டை சின்னதாக இருக்கட்டும். தொட்டுக்கொள்வது தாராளமாக இருக்கட்டும். தண்ணீராக ஓடும் குழம்பு போதாது. பயறு கரண்டியில் நிற்க வேண்டும்.

* கொள்ளு, மொச்சை, அவரைக்கொட்டை ஆகியவற்றை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். வயிற்றுப் பொருமல் குறையும். ஞாயிற்றுக்கிழமையே மொத்தமாக வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு வேலை மிச்சம். பிதுக்கிய அவரை சீசனில் பொட்டலமாகவே சந்தையில் கிடைக்கும்.

* தினம் ஒரு கீரை. முருங்கைக்கீரைக்குக் காசு வேண்டாம், கிளை எட்டினால் போதும். கொல்லைக் கீரை பறித்தால், களைக்கொல்லி அடித்த வயலா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். தொழிற்சாலைக் கழிவுநீர் கலக்கும் ஓடைக்கரையில் முளைத்ததைத் தொடாதீர்கள்.

* எண்ணெயில் நம் ஊர்க் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். மாதம் எத்தனை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்றரை லிட்டருக்குள் முடிய வேண்டும்.

* களியோடு நாட்டுக்கோழி என்பது நெடுஞ்சாலை ஓட்டல்களின் விளம்பரம். அது விருந்துச் சாப்பாடு. மாதம் ஒருமுறை என்றால் தப்பில்லை.

* சாப்பிட்ட பின் பதினைந்து நிமிடம் நடங்கள். கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை பைக்கில் போகாமல் நடந்தால் அதுவே கணக்கு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் போட்டுக்கொண்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் பயறும் கீரையும் எவ்வளவு என்று கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கொல்லையும் மாற வேண்டும்

தட்டு மாற வேண்டுமென்றால் நிலத்திலும் அது விளைய வேண்டும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாதாரண நெல்லுக்கு 2,369 ரூபாய்தான். தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 மே மாதம் முதல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராகி கொள்முதல் நிலையங்கள் வந்தன. பாரூருக்குப் பக்கத்தில் பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், இந்த மண்ணுக்கென்றே ‘பையூர் 2’ என்ற பெயரில் ராகியிலும் கொள்ளிலும் ரகங்களைத் தந்திருக்கிறது. பாரூரிலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நன்னீர் மீன்வளர்ப்பு மையம் இருக்கிறது.

தானியமும் பயறும் மீனும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கிடைக்கும் ஊர் இது. ஆனால் கொள்முதலும் ரேஷனும் ராகியோடு நின்றுவிட்டால், விவசாயி ராகி மட்டும்தான் போடுவார். நடுவே இருந்த அவரைச் சால் காணாமல் போய்விடும். ஊர்ச்சத்துணவுக் கூடத்திலும், கம்பெனி கேன்டீனிலும், வாரச்சந்தையிலும் அவரைக்கும் கொள்ளுக்கும் கேட்பார் இருந்தால்தான் அந்தச் சால் திரும்பும்.

போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குப் போகிறவர்கள் இந்த வாரம் ராகி வாங்கினால், கையோடு ஒரு படி கொள்ளும் ஒரு கட்டுக் கீரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆலிவ் எண்ணெய்க்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூடச் செலவாகாது.